சேலை வாங்கியவள் வேலை கேட்டாள்

அறுப்பின் பண்டிகை அவைக்குத் தலைமை ஏற்று, என்னைப் பேச அழைத்துவிட்டு, இப்போது கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்திருக்கும் தலைவர் அவர்களே. எங்கள் சபையின் ஆயர் தமிழழகன் ஐயா அவர்களே. முடி நரைத்தும் முகம் நரைக்காத மூத்தோர்களே. அடுப்பை அணைத்தோமா என்ற கவலை அடிமனத்தில் இருந்தும் அமைதியாக அமர்ந்திருக்கும் அன்னையர்களே. முதல் பேருந்தைப் பிடித்து மலையிலிருந்து இறங்கி வந்த உறவுகளே. கரும்பு வெட்டுக்கு ஒரு நாள் விடுப்புச் சொல்லிவிட்டு வந்த மூங்கில்துறைப்பட்டு, மணலூர்பேட்டைச் சகோதரர்களே. பந்தலில் இடமில்லாமல் வண்டிகளின் மேல் உட்கார்ந்து வெயிலையும் என்னையும் ஒருசேரத் தாங்கப்போகிற நண்பர்களே. உங்கள் ஒவ்வொருவருக்கும் இந்தச் சின்னதுரையின் சிரம் தாழ்ந்த வணக்கம்.

நான் சர்க்கரை ஆலையில் முப்பத்தொரு ஆண்டுகள் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். சங்கராபுரம் சபைக்குப் பதினான்கு ஆண்டுகளாகச் செயலர். ‘மாற்றுத்திறனாளிகளும் ஆவிக்குரிய வரங்களும்’ என்று அழைப்பிதழில் தலைப்பை அச்சடித்திருக்கிறார்கள். அந்தத் தலைப்புக்குத் தகுந்த அறிஞன் நான் அல்லன். எனக்குத் தெரிந்தது நடந்த ஒரு செய்தி. அந்தச் செய்தியில் நான் நல்லவர்கள் பக்கத்திலும் இல்லை. ஆனாலும் தொடக்கம் முதல் கடைசி வரை கூடவே இருந்து பார்த்தவன் என்பதால் என்னை இங்கே நிறுத்தியிருக்கிறார்கள்.

என்ன, பின்னால் கேட்கவில்லையா? மைக்கைக் கிட்டே இழுத்துக்கொள்கிறேன். இப்போது கேட்கிறதா? நல்லது.

சங்கராபுரத்துக்குப் பக்கத்தில் ஏரிக்கரையை ஒட்டிய தெருவில் செல்லமுத்து, ராணியம்மாள் என்று ஒரு தம்பதியர். சொந்த நிலம் கிடையாது. நடவு, களையெடுப்பு, கரும்பு வெட்டு என்று கூப்பிட்ட கொல்லைக்குக் கூலிக்குப் போகிறவர்கள். அவர்களுடைய ஒரே மகள் ஜீவா. பிறக்கும்போதே மூச்சு முட்டிப் பிறந்த பிள்ளை. மூளை முடக்குவாதம் என்றார்கள் மருத்துவர்கள். நடந்தால் கால்கள் ஒன்றையொன்று இடறும். இடது கை மடங்கியே இருக்கும். பேசினால் ஒவ்வொரு சொல்லும் உதட்டருகே வந்து நின்று, தயங்கி, பிறகுதான் வெளியே வரும். அறிவுக்கோ அணுவளவும் குறையில்லை. செல்லமுத்து அவளை மிதிவண்டியின் பின்னால் உட்கார வைத்து, துண்டால் தன் இடுப்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டு பள்ளிக்குக் கூட்டிப் போவார். பன்னிரண்டாம் வகுப்பு முடித்தாள். தபால் வழியில் தமிழ் இலக்கியம் படித்துப் பட்டமும் வாங்கினாள்.

பட்டம் வாங்கிய அந்தப் பெண்ணுக்கு நம் சபை என்ன கொடுத்தது? கிறிஸ்துமஸ்தோறும் ஒரு சேலை கொடுத்தது. எல்லார் முன்னாலும் நிறுத்தி, கையில் கொடுத்து, கைதட்டி, படம் பிடித்து அனுப்பியது. நற்செய்திக் கூட்டத்துக்கு வருகிற வெளியூர்ப் பிரசங்கியார் ஒவ்வொருவரும் முதலில் தேடுவது அவளைத்தான். தலைமேல் கை வைத்து, எழுந்து நட என்பார்கள். அவள் எழுந்து நடந்துதானே அங்கே வந்திருந்தாள்? கூட்டம் முடிந்ததும் வந்த அதே நடையில் வீட்டுக்குப் போவாள். அவளுக்கு விசுவாசம் போதவில்லை என்று பின்னாலே நாலு பேர் பேசுவார்கள். அந்த நாலு பேரில் நானும் ஒருவன்.

நான்கு ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆடி மாதத்தில் அவளிடமிருந்து சபைக் குழுவுக்கு ஒரு கடிதம் வந்தது. ஒரு பக்கம் எழுத அவளுக்கு ஒரு பிற்பகல் ஆகும். ஒரு பக்கம் எழுதியிருந்தாள். ஞாயிறு ஆராதனையில் வேதபாடம் வாசிக்க விரும்புகிறேன், வெள்ளிமலைக்கு மேலே நம் சபை நடத்துகிற ஞாயிறு பள்ளிக்கு ஆசிரியர் இல்லை என்று அறிகிறேன், கற்றுக்கொடுக்கும் வரம் எனக்கு இருப்பதாக நம்புகிறேன், சோதித்துப் பாருங்கள். இவ்வளவுதான் கடிதம்.

குழுவில் நாங்கள் ஏழு பேர். என்ன பேசினோம் தெரியுமா?

“பாவம், அந்தப் பொண்ணுக்கு எதுக்குங்க இந்தக் கஷ்டம்?” என்றார் ஒருவர்.

“வெளியூரு ஆளுங்க ஆராதனைக்கு வந்தா இன்னா நெனைப்பாங்க?” என்றார் இன்னொருவர்.

“ஒரு அதிகாரம் படிச்சு முடிக்கறதுக்குள்ள நம்ம வூட்ல கொழம்பு ஆறிப்பூடும்” என்றேன் நான். எல்லாரும் சிரித்தார்கள். ஆயர் மட்டும் சிரிக்கவில்லை.

தீர்மானத்தை எழுதியது இந்தக் கைதான். ‘சகோதரியின் ஆர்வத்தைப் பாராட்டுவதோடு, அவரது உடல்நிலையை அன்புடன் கருத்தில் கொண்டு, தற்போதைக்கு இயலாது எனத் தெரிவிக்கப்படுகிறது.’ பாருங்கள், பாராட்டும் இருக்கிறது, அன்பும் இருக்கிறது, கதவும் சாத்தப்பட்டிருக்கிறது.

அதன் நகலை நானே அவள் வீட்டுக்குக் கொண்டுபோனேன். ராணியம்மாள் நாற்காலி போட்டுத் துடைத்தார். ஜீவா தரையில் உட்கார்ந்து காகிதத்தை இரண்டு முறை வாசித்தாள்.

“ஒனக்காக நாங்க ஜெபம் பண்ணிக்கினுதாம்மா இருக்கோம்” என்றேன்.

“சந்தோஷங்க ஐயா” என்றாள். “சொகம் ஆனா நல்லதுதான். ஆவலன்னா, அதுவரைக்கும் நான் சும்மா ஒக்காந்துகினு இருக்கணுமா?”

“அப்படிச் சொல்லலம்மா.”

“பதினோரு பொடவ குடுத்திருக்கீங்க ஐயா. ஒண்ணக்கூட நான் கொற சொல்லல. ஒரே ஒரு வேல குடுங்கன்னுதான் கேட்டேன்.”

ராணியம்மாள் பதறிப்போய், “ஏய், பெரியவங்ககிட்ட இன்னா பேச்சு இது?” என்று அடக்கினார். நான் தேநீரைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். இங்கே நான் இதை உங்களுக்கு விரைவாகச் சொல்லிவிட்டேன். அந்த மூன்று வாக்கியங்களைச் சொல்ல அவளுக்கு எவ்வளவு நேரம் ஆனது என்பதை நீங்கள் சேர்த்துக்கொள்ளுங்கள். அவ்வளவு நேரமும் நான் அவள் முகத்தைப் பார்க்காமல் சுவரில் இருந்த நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த ஞாயிறு ஆயர் மலைக்குப் புறப்பட்டபோது ஜீப்பின் முன்னிருக்கையில் ஜீவா இருந்தாள். நான் ஆயரைத் தனியே அழைத்துக் கேட்டேன். அவர் அமைதியாகச் சொன்னார்: “குழு வேணாம்னு சொன்னது வேலைக்குத்தானே ஐயா. கூட வர்றதுக்கு யாரும் தீர்மானம் போடலியே.”

நானும் ஏறிக்கொண்டேன். எதற்கு? உதவிக்கா? இல்லை. அது சரிப்படாது என்பதைக் கண்ணால் கண்டு, குழுவுக்குச் சொல்வதற்கு.

வளைவு வளைவாக ஏறும் சாலையில் இரண்டு இடத்தில் அவளுக்கு வாந்தி வந்தது. தகரக் கொட்டகையில் பிள்ளைகள் இருபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவள் நடந்து வந்ததைப் பார்த்ததும் ஒருவன் சிரித்தான். அவள் வாயைத் திறந்து வணக்கம் சொன்னதும் இருபது பேரும் சிரித்தார்கள். எனக்கு உள்ளுக்குள், நான் சொன்னேனே என்று ஒரு கெட்ட நிம்மதி.

ஜீவா காத்திருந்தாள். சிரிப்பு ஓய்ந்தது.

“சிரிச்சு முடிச்சிட்டீங்களா?” என்றாள். “நானும் கண்ணாடியப் பாத்து சிரிச்சிருக்கேன். இப்ப கத சொல்லவா?”

காணாமல் போன ஆட்டின் கதை. மலைப்பிள்ளைகள் ஆடு மேய்க்கிற பிள்ளைகள். “அவருகிட்ட நூறு ஆடு இருந்துச்சு. ஒண்ணு காணோம். மீதி தொண்ணூத்தி...” என்று தொடங்கினாள். அடுத்த சொல் வர நேரமாயிற்று. “ஒம்பது” என்றாள் ஒரு சிறுமி. ஜீவா தலையாட்டினாள். “அந்த ஒண்ணத் தேடிக்கினு அவரு...” “காட்டுக்குப் போனாரு” என்றான் சிரித்தவன். “முள்ளுல மாட்டிக்கினு இருந்துச்சு” என்றது இன்னொரு குரல். அவள் சொல்லைத் தொடங்குவாள். இருபது வாய்கள் அதை முடிக்கும். ஒரு பிள்ளையும் தூங்கவில்லை. ஒரு பிள்ளையும் வெளியே ஓடவில்லை. கதை முடிந்தபோது அது அத்தனை பிள்ளைகளுக்கும் மனப்பாடம்.

அன்புக்குரியவர்களே, நான் அதே கொட்டகையில் பலமுறை பாடம் எடுத்தவன். கணீரென்ற குரல் எனக்கு. தடங்கலில்லாத தமிழ் எனக்கு. என் வகுப்பில் பிள்ளைகள் உறங்கினார்கள். வரம் என்பது வாயில் இருக்கிறதா? வடிவத்தில் இருக்கிறதா? வரம் கொடுத்தவர் நம்மைக் கேட்டா கொடுத்தார்?

பாடம் முடிந்ததும் கொட்டகையின் ஓரத்தில் நின்றிருந்த ஓர் அம்மா ஜீவாவின் அருகே வந்தார். பெயர் செல்லியம்மாள். அவர் வீட்டுக்கு நான் நான்கு முறை போயிருக்கிறேன். சாமைச்சோறு சாப்பிட்டிருக்கிறேன், ஜெபித்திருக்கிறேன். கணவர் அம்மாசி, கோகிலவாணி என்று ஒரு மகள், அவளுக்குக் கீழே ஒரு மகன். பிள்ளைகள் எத்தனை என்று நான் கேட்டபோது இரண்டு என்றார். எழுதிக்கொண்டேன்.

இனி நான் சொல்வதைச் செல்லியம்மாளிடம் கேட்டு, அவர் சொல்லச் சொன்ன பிறகுதான் சொல்லுகிறேன்.

அவர் ஜீவாவிடம், “ஒனக்குச் சோறு யாரு கண்ணு ஊட்னது?” என்று கேட்டார்.

“எங்கம்மா. பன்னெண்டு வயசு வரைக்கும். அப்புறம் நானே சாப்பிடக் கத்துக்கினேன்.”

“எப்படிக் கத்துக்கின?”

“நெறையக் கொட்டிக் கொட்டித்தான்.” ஜீவா அவரைப் பார்த்தாள். “யாருக்காகக் கேக்கறீங்கம்மா?”

செல்லியம்மாள் சுற்றும் முற்றும் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “வூட்ல இன்னொருத்தி இருக்கா.”

சுபஸ்ரீ. பதின்மூன்று வயது. ஜீவாவுக்கு உள்ள அதே முடக்குவாதம், இன்னும் கடுமையாக. நடக்க முடியாது, பேச முடியாது. வெளியாள் வந்தால் உள்ளறையில் தானிய மூட்டைகளுக்குப் பின்னே பாயில் படுக்கவைத்துக் கதவைச் சாத்திவிடுவார்கள். அவர்கள் கொடியவர்கள் அல்லர். மூத்தவளுக்கு மாப்பிள்ளை வரவேண்டுமே என்ற பயம். குடும்பத்தில் சாபம் என்று யாரோ சொன்ன சொல்லின் பயம். நான் நான்கு முறை கண் மூடி ஜெபித்தேனே, அப்போதெல்லாம் அந்தப் பிள்ளை பத்தடி தூரத்தில், ஒரு கதவுக்கு அப்பால் என் குரலைக் கேட்டுக்கொண்டு கிடந்தது.

செல்லியம்மாள் எங்களை வீட்டுக்குக் கூட்டிப்போனார். ஜீவா என்னை வெளியே இருக்கச் சொன்னாள். உள்ளே நடந்ததைச் செல்லியம்மாள் பிறகு சொன்னார். ஜீவா பாயருகே தரையில் உட்கார்ந்தாள். சுபஸ்ரீ அவளுடைய மடங்கிய கையையே பார்த்தாள். பிறகு தன் மடங்கிய கையை மெல்ல நகர்த்தி அதன்மேல் வைத்தாள். வைத்துவிட்டுச் சிரித்தாள். “அவ சிரிச்ச சத்தம் கேட்டு நான் பயந்துட்டேங்க. அதுக்கு முன்ன அந்தச் சத்தத்த நான் கேட்டதே இல்ல” என்றார் அந்தத் தாய்.

அன்று முதல் ஞாயிறுதோறும் ஜீவா போனாள். கதவு திறந்தது. கள்ளக்குறிச்சியில் நடந்த மாற்றுத்திறனாளிகள் முகாமுக்குக் கூட்டிவந்து அடையாள அட்டை வாங்கினார்கள். சக்கர நாற்காலி வந்தது. கைக்கும் காலுக்கும் பயிற்சி கொடுக்கும் முறையைச் செல்லியம்மாள் கற்றுக்கொண்டார். கொட்டகையில் பிள்ளைகளோடு பிள்ளையாகச் சுபஸ்ரீ உட்கார்ந்தாள். எல்லாம் நல்லபடி முடிந்தது என்று நினைக்கிறீர்களா? கை தட்ட வேண்டாம், பொறுங்கள்.

தை மாதம் கோகிலவாணியைப் பெண் பார்க்க வந்தார்கள். அன்று ஒரு நாள் மட்டும் சின்னவளை உள்ளே வைக்கலாம் என்றார் அம்மாசி. கோகிலவாணி மறுத்தாள். “தங்கச்சி என் பக்கத்துல ஒக்காந்தாத்தான் நான் பொடவ கட்டுவேன்” என்றாள். உட்கார வைத்தார்கள். வந்தவர்கள் பார்த்தார்கள். காப்பி குடித்தார்கள். சொல்லி அனுப்புகிறோம் என்று போனவர்கள் சொல்லி அனுப்பவே இல்லை.

அடுத்த ஞாயிறு அம்மாசி கொட்டகை வாசலில் நின்றார். “எங்க வூடு எப்படியோ ஓடிக்கினு இருந்துச்சு. நீ வந்துதாம்மா இப்படி ஆச்சு. இனிமே வராத” என்றார். நாற்காலியோடு சுபஸ்ரீயை வீட்டுக்குள் இழுத்துப் போனார். கதவு மறுபடி சாத்தப்பட்டது.

அன்று ஜீப்பில் ஜீவாவோடு நானும் இறங்கி வந்தேன். வீட்டு வாசலில் இறங்கும்போது என்னிடம் கேட்டாள்: “நான் தப்பு பண்ணிட்டனா ஐயா?” எத்தனையோ ஆண்டு செயலர் நான். எத்தனை பேருக்கு ஆறுதல் சொல்லிய வாய் இது. அன்று அது ஆறுதல் சொல்லவில்லை. தெரியலம்மா என்றேன். அதுதான் நான் அவளிடம் பேசிய முதல் உண்மை என்று இப்போது நினைக்கிறேன்.

ஒரு மாதம் அவள் மலைக்குப் போகவில்லை. ஐந்தாம் வாரம் வெள்ளிக்கிழமை பகல், ஏரிக்கரைத் தெருவில் வழி கேட்டுக்கொண்டு அம்மாசி வந்து நின்றார். செல்லமுத்து எனக்கு ஆள் அனுப்பினார். சண்டைக்கு வந்திருக்கிறாரோ என்று நானும் ஓடினேன். அம்மாசி உட்காரவும் இல்லை, தண்ணீர் வாங்கவும் இல்லை.

“நாலு ஞாயித்துக்கெழமையா ஊர்ந்துகினே வாசலுக்கு வந்துடறா” என்றார். “ரோட்டப் பாத்துக்கினு ஒக்காந்திருக்கா. சோறு வெச்சா வாங்கல. தூக்கிக்கினு போய் உள்ள வுட்டா மறுபடி வந்துடறா. என் பொண்ணு ஒரு எடத்துக்குப் போவணும்னு ஆசப்பட்டு நான் பாத்ததே இல்ல.” “நான் சொன்னத மனசுல வெச்சுக்காத. வந்துட்டுப் போம்மா.”

ஜீவா போனாள். அந்த ஞாயிறு சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு கொட்டகைக்கு வந்தவர் அம்மாசி.

கோகிலவாணிக்கு இன்னும் வரன் அமையவில்லை. அதை நான் மறைக்கமாட்டேன். கள்ளக்குறிச்சியில் செவிலியர் பயிற்சி படிக்கிறாள். போன வாரம் கேட்டேன், வருத்தம் உண்டா என்று. “என் தங்கச்சியப் பாத்து ஓடறவன் வூட்டுக்கு நான் எதுக்குங்க?” என்றாள். சொல்லிவிட்டு முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள். வருத்தமும் உண்டு, உறுதியும் உண்டு.

சரி, ஜீவாவுக்கு வரம் உண்டு, ஒப்புக்கொள்கிறோம். பேசவே முடியாத அந்தச் சிறுமிக்கு என்ன வரம் என்று அங்கே ஒருவர் மனத்துக்குள் கேட்கிறார். முகத்தில் தெரிகிறது. கேட்கவேண்டிய கேள்விதான்.

சென்ற ஆண்டு அந்த மலையூரில் காசியம்மாள் என்பவருக்குக் கணவர் இறந்துபோனார். எட்டாம் நாள் கொட்டகையில் நடந்த ஆராதனைக்கு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார். நாங்கள் பாடினோம், படித்தோம், அறிவிப்பு வாசித்தோம். ஒருவரும் அவர் பக்கம் திரும்பவில்லை. என்ன சொல்வது என்று தெரியாததால் திரும்பவில்லை. சுபஸ்ரீ நாற்காலியிலிருந்து கீழே சரிந்து, தரையோடு நகர்ந்து நகர்ந்து, அவர் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். விடவே இல்லை. எட்டு நாளாக அழாதிருந்த அந்த அம்மா அப்போதுதான் அழுதார். ஆராதனை முடிந்து எல்லாரும் போன பிறகும் இருவரும் அப்படியே இருந்தார்கள். இன்று அந்த ஊரில் எந்த வீட்டில் துக்கம் என்றாலும், ஆயருக்குச் சொல்லும் முன்னே, சுபஸ்ரீயைக் கூட்டிவாருங்கள் என்கிறார்கள். அம்மாசி தூக்கிக்கொண்டு போகிறார்.

ஒரே உடல், பல உறுப்புகள் என்று சொல்லுகிறோம். பலவீனமாகத் தோன்றும் உறுப்பே மிகவும் அவசியமானது என்றும் சொல்லுகிறோம். சொல்லிவிட்டு அந்த உறுப்பைச் சேலையால் போர்த்தி ஓரத்தில் உட்கார வைக்கிறோம்.

எங்கள் குழு மறுபடி கூடியது. பழைய தீர்மானத்தை அடித்துவிட வேண்டும் என்று நானே முன்மொழிந்தேன். அதற்குள் ஜீவாவைக் குழுவில் எட்டாவது ஆளாகச் சேர்த்திருந்தோம். அவள் வேண்டாம் என்றாள். “அடிக்காதீங்க ஐயா. இருக்கட்டும். பின்னாடி வர்றவங்க படிக்கணும்.” அடிக்கவில்லை. அதன் கீழே, தவறினோம் என்று எழுதி ஏழு பேரும் கையெழுத்திட்டோம். அடுத்த ஞாயிறு அவள் வேதபாடம் வாசித்தாள். பதினொரு நிமிடம் ஆயிற்று. இரண்டு பேர் சிரித்தார்கள். ஒரு குழந்தை அழுதது. ஒருவர் எழுந்து வெளியே போனார். அவள் கடைசி வசனம் வரை வாசித்துவிட்டுத்தான் உட்கார்ந்தாள். அன்று எங்கள் வீட்டில் குழம்பு ஆறித்தான் போயிற்று. ஆறிய குழம்பைச் சாப்பிட்டேன். அதனால் எனக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை.

பெரியோர்களே, உங்களைக் கேட்கிறேன். உங்கள் சபையில் சேலை வாங்குகிறவர் யார்? அவரிடம் வேலை வேண்டுமா என்று எப்போதாவது கேட்டீர்களா? உங்கள் தெருவில் சாத்திய கதவு எது? அதன் பின்னே படுத்திருக்கும் பிள்ளையின் பெயர் உங்கள் சபைப் பதிவேட்டில் உண்டா? பார்வையற்றவருக்காகப் பாடினோம், அவரைப் பாடவிட்டோமா? காது கேளாதவருக்காக மன்றாடினோம். அவர் மன்றாடும் கைமொழியை ஒருநாள் கற்றோமா? அவர்களுக்காக, அவர்களுக்காக என்று எத்தனை காலம் சொல்வோம்? அவர்களோடு என்று எப்போது சொல்வோம்? அவர்களிடமிருந்து என்று எப்போது சொல்வோம்?

தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். முடிக்கிறேன் ஐயா.

முடிக்கும் முன் ஒன்று. இந்த மேடைக்கு ஐந்து படிகள். ஏறும்போது எண்ணினேன். சாய்தளம் இல்லை. இந்தத் தலைப்பில் பேசவேண்டிய ஜீவா கீழே முதல் வரிசையில் இருக்கிறாள். படி ஏறத் தெரிந்த நான் மேலே நிற்கிறேன். விழா ஏற்பாட்டுக் குழுவில் நானும் உண்டு. ஆகவே இந்தத் தவறும் என்னுடையதே. அடுத்த ஆண்டு சரிசெய்வோம் என்று சொல்லலாம். இந்த ஆண்டே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. மைக்செட்காரரே, இந்த வயர் கீழே வரை எட்டுமா? எட்டும் என்கிறார்.

பொறுமையாய்க் கேட்ட செவிகளுக்கும், பொறுத்துக்கொண்ட மனங்களுக்கும் என் நன்றி. மலைக்கும் சமவெளிக்கும் மழை தவறாதிருக்கட்டும். நம் வீடுகளில் எந்தக் கதவும் எந்தப் பிள்ளைக்கும் சாத்தப்படாதிருக்கட்டும். உங்கள் எல்லாருக்கும் வணக்கமும் ஸ்தோத்திரமும் சொல்லி நான் இறங்குகிறேன். ஜீவா பேசுவாள். மெதுவாகத்தான் பேசுவாள். இருந்து கேளுங்கள்.